சுருங்காத இழைகளும் சுருங்கும் தசையும்

கையை மடக்கும்போது மேற்கையில் ஒரு திரட்சி எழுகின்றது. நீட்டும்போது அது அடங்கிவிடுகின்றது. தோலுக்கு அடியில் ஏதோ ஒரு சிற்றுயிர் ஓடி ஒளிவது போன்ற தோற்றம் இது. தசையைக் குறிக்கும் 'மூஸ்குலுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் 'சுண்டெலி' என்பதே நேர்ப்பொருள்.

அந்தத் திரட்சி எங்கிருந்து வருகின்றது? வெளியிலிருந்து எதுவோ தசைக்குள் புகுந்து அதனை நிரப்புகின்றதா? அல்லது உள்ளே இருப்பதே இடம் மாறி நிற்கின்றதா? குழந்தையும் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆனால் இதற்கு உறுதியான விடை காண மனித குலத்துக்கு ஏறத்தாழ 2,200 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நெடிய தேடலின் நடுவே, திருச்சபை 'அருளாளர்' என்று போற்றும் ஓர் ஆயர் நிற்கின்றார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நரம்பு வழி வந்த ஆவி

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் உடற்கூறு பயின்ற கிரேக்க மருத்துவர் எராசிஸ்திராத்துஸ் ஒரு விளக்கம் தந்தார். 'நியூமா' என்னும் நுண்காற்று நரம்புகளின் வழியே தசைக்குள் பாய்கின்றது. அதனால் தசை அகலத்தில் பெருத்து நீளத்தில் குறைகின்றது என்றார். காலியாகக் கிடக்கும் தோற்பையைப் படுக்கவைத்து ஊதினால் அது பருத்து, அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருவதை யாரும் காணலாம். எளிய உவமை, கண்ணுக்கும் பொருத்தமாகத் தோன்றியது.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் உரோமையில் புகழ்பெற்றிருந்த காலென், நரம்பை வெட்டினால் அது சென்று சேரும் தசை செயலற்றுப் போவதை உயிருள்ள விலங்குகளிலேயே காட்டினார். ஆகவே மூளையிலிருந்து நரம்பு வழியாக ஏதோ ஒன்று தசைக்கு வருகின்றது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. என்ன வருகின்றது என்பது மட்டும் மெய்ப்பிக்கப்படவில்லை. அதற்குப் பெயர் மட்டும் இருந்தது. அப்பெயரே இலத்தீனில் 'ஸ்பிரிதுஸ் அனிமாலிஸ்' ஆயிற்று. 'அனிமா' என்றால் ஆன்மா. எனவே இதனை நாம் 'உயிராவி' என்று அழைக்கலாம். தூய ஆவியாரைக் குறிக்க வழிபாட்டில் நாம் வழங்கிய அதே 'ஸ்பிரிதுஸ்' என்னும் சொல்லே, மருத்துவ நூல்களில் நரம்புக்குள் ஓடும் ஒரு மெல்லிய பொருளுக்கும் பெயராயிற்று. ஒரே சொல் இரண்டு உலகங்களில் உலவியதால், அந்த மருத்துவக் கருத்துக்கு அதன் தகுதிக்கு மீறிய ஒரு மதிப்பும் வந்து சேர்ந்தது. அதனை ஐயுறுவோர் மிகச் சிலரே.

பதினேழாம் நூற்றாண்டில், எல்லாவற்றையும் ஐயத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்று கற்பித்த டெகார்ட்டும் இந்த இடத்தில் ஐயுறவில்லை. மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பி அசைந்து, உயிராவியை இந்த நரம்புக்கும் அந்த நரம்புக்குமாகத் திருப்பிவிடுகின்றது என்றும், ஆவி புகுந்த தசை உப்பிச் சுருங்குகின்றது என்றும் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1662-இல் வெளிவந்த அந்நூலை ஐரோப்பாவின் கற்றோர் ஆர்வத்தோடு படித்தனர்.

பொற்கொல்லரின் மகன்

அவ்வாறு படித்தவர்களுள் ஒருவர், கோபன்ஹேகன் நகரப் பொற்கொல்லர் ஒருவரின் மகனான நீல்ஸ் ஸ்டென்சன். கற்றோர் உலகம் அவரை இலத்தீன் வழக்கில் ஸ்டெனோ என்றது. 1638-இல் பிறந்த அவர் லூத்தரன் சபையில் வளர்ந்தவர். 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆய்ந்துகொண்டிருந்தபோது, காதருகே உள்ள சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீரைக் கொண்டுவரும் குழாயைக் கண்டார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதனை அவர் பெயராலேயே கற்கின்றனர்.

பின்னர் அவர் இதயத்தை எடுத்துக்கொண்டார். உடல் வெப்பத்தின் உலை என்றும், ஆன்மாவின் அரியணை என்றும், உடலின் கதிரவன் என்றும் கொண்டாடப்பட்ட உறுப்பு அது. ஸ்டெனோ அதனை நீரில் வேகவைத்து இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார். காலில் உள்ள தசையில் எவை இருக்கின்றனவோ அவையே இதயத்திலும் இருந்தன. தசையில் இல்லாத எதுவும் அங்கே இல்லை. இதயம் ஒரு தசை என்று 1664-இல் அச்சேறிய நூலில் எழுதினார். சிலருக்கு அது இதயத்தைத் தாழ்த்துவதாகப் பட்டது. ஆனால் ஓய்வின்றி உழைக்கும் ஓர் எளிய தசையாக இருப்பதில் இதயத்துக்கு இழுக்கு ஏதுமில்லை.

1665-இல் பாரிஸ் நகரில் கற்றோர் அவை ஒன்றில் மூளையைப் பற்றிப் பேச அவரை அழைத்தனர். பேச வந்தவர், மூளையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்ற ஒப்புதலோடுதான் உரையைத் தொடங்கினார். டெகார்ட் கூறியபடி அந்தச் சுரப்பி அசைந்து திரும்ப இயலாது என்பதை, அது தன்னைச் சூழ்ந்தவற்றோடு பிணைந்திருக்கும் முறையைக் கொண்டு காட்டினார். உயிராவி, குருதியின் நுண்பகுதி, நரம்புச் சாறு என்றெல்லாம் வழங்கும் பெயர்கள் பொருளற்ற வெறும் சொற்களே என்பது அவர் எழுத்தில் நாம் காணும் கருத்து. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அடுக்கிய புத்தகங்கள்

1666-இல் அவர் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு வந்தார். தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் இரண்டாம் ஃபெர்டினாண்ட் மெதிச்சி அவரை ஆதரித்தார். 1667-இல் அங்கே தசைகளைப் பற்றிய அவரது நூல் அச்சாயிற்று. மருத்துவ நூலைத் திறந்தவர்கள் அதில் வடிவக்கணித நூலைக் கண்டு வியந்திருக்க வேண்டும்; கருதுகோள், தேற்றம், நிறுவல் என்ற வரிசையில் அது எழுதப்பட்டிருந்தது.

அவர் கண்டது இதுதான். தசையிழைகள் பெரும்பாலான தசைகளில் மேலிருந்து கீழாக நேராக ஓடுவதில்லை. இரு பக்கத்துத் தசைநாண்களுக்கும் இடையே சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. ஆகவே தசையை ஓர் இணைகரத் திண்மமாகக் கருதலாம். இனி, ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலயத்தின் பின்வரிசையில் அடுக்கி வைக்கப்படும் பாடல் புத்தகங்களை எண்ணிப் பாருங்கள். அடுக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளினால், அதன் சாய்ந்த விளிம்பு நீளுகின்றது. அதனை நேராக நிமிர்த்தினால் அவ்விளிம்பு குறைகின்றது. அடுக்கின் உயரம் மாறவில்லை. புத்தகங்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஒரு தாள்கூடக் கூடவோ குறையவோ இல்லை. விளிம்பு மட்டும் நீண்டது, குறைந்தது. வடிவம் மட்டும் மாறியது.

தசையிழைகள் அந்தச் சாய்ந்த விளிம்பு போன்றவை. அவை குறையும்போது அவற்றின் சாய்வுக் கோணம் மாறுகின்றது. தசை திரண்டு தோன்றுகின்றது. ஆனால் அதன் கன அளவு அப்படியே இருக்கின்றது. அப்படியானால், திரட்சியைக் கண்டு 'ஏதோ உள்ளே புகுந்துவிட்டது' என்று முடிவு கட்டுவதற்கு இடமே இல்லை. திரட்சி உண்மை, நிரப்புதல் கற்பனை. இரண்டாயிரம் ஆண்டு மரபைத் தகர்க்க ஸ்டெனோவுக்கு ஓர் இணைகரம் போதுமானதாயிற்று.

கவனிக்கத்தக்கது மற்றொன்று. இழைகள் ஏன் குறைகின்றன என்று அவர் சொல்லவில்லை. ஓர் ஆவியை நீக்கிவிட்டு வேறோர் ஆவியை அங்கே அமர்த்தவும் இல்லை. அறிந்ததை அளந்து சொன்னார். அறியாததை வெற்றிடமாகவே விட்டுவைத்தார்.

நீர்த்துளியின் சாட்சி

வடிவக்கணிதம் சொன்னதைக் கண்ணால் காட்டியவர் ஸ்டெனோவின் நண்பரான டச்சு ஆய்வாளர் யான் ஸ்வாமெர்டாம். 1660-களில் அவர் செய்த சோதனை மிக எளியது. தவளையின் தொடைத் தசையை நரம்போடு எடுத்து ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தார். குழாயின் மேல்முனை மயிரிழை போன்ற நுண்குழலாக முடிந்தது. அக்குழலில் ஒரு நீர்த்துளி நின்றது. நரம்பை ஒரு கம்பியால் இழுத்துத் தூண்டியபோது தசை சுருங்கியது. தசை உப்புவது உண்மையானால் உள்ளிருக்கும் காற்று நெருக்குண்டு துளி மேலே ஏறவேண்டும். துளி ஏறவில்லை.

இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கிளிசன் 1677-இல் வெளியிட்ட நூலில் வலிமை மிக்க ஒருவரின் கையையே சான்றாகக் கொண்டார். நீர் நிறைந்த நீண்ட குழாய்க்குள் கையை நுழைத்து வாயை அடைத்துவிட்டு, கைத்தசைகளை இறுக்கச் சொன்னால் நீர்மட்டம் உயரவில்லை, சற்றே தாழ்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் பழைய கருத்து சாகவில்லை. உடலின் இயக்கத்தை எந்திரவியல் கொண்டு ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவரான போரெல்லி, விலங்குகளின் இயக்கம் பற்றிய தமது பெருநூலில் ஸ்டெனோவின் வடிவக்கணிதத்தை மறுத்தார். நரம்பின் சாறும் குருதியும் கலந்து நொதிப்பதால் தசை உப்புகின்றது என்றார். அவர் இறந்தபின் 1680–81-இல் அந்நூல் வெளிவந்தது. அதில் மங்காத உண்மை ஒன்றும் இருந்தது. நம் எலும்புகள் நெம்புகோல்கள்; தசை அவற்றை மூட்டுக்கு மிக அருகில் பற்றி இழுக்கின்றது; ஆதலால் கையில் 5 கிலோ எடையைத் தாங்க, முழங்கைக்குச் சில செ.மீ. தொலைவில் இணைந்துள்ள தசை அதைப்போல் பல மடங்கு விசையோடு இழுக்கவேண்டும். அதற்கு ஈடாக, தசை சிறிதளவு குறைந்தாலே கை நெடுந்தொலைவு நகர்கின்றது. இதைச் சரியாகக் கணக்கிட்ட அதே மேதை, தசையின் உள்ளே நடப்பதைப் பற்றித் தவறினார். அவருடைய பெரும்புகழே ஸ்டெனோவின் தசைநூலை நிழலில் தள்ளியது. ஸ்வாமெர்டாமின் சோதனையோ அவர் இறந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து 1737–38-இல்தான் அச்சேறியது.

ஸ்டெனோ தமக்காக வாதாட முன்வரவில்லை. தசைநூல் வெளியான அதே 1667-ஆம் ஆண்டின் நவம்பரில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1669-இல் பாறை அடுக்குகளைப் பற்றிய நூலை எழுதி நிலவியலுக்கு அடித்தளமிட்டார். 1675-இல் குருப்பட்டம் பெற்றார். 1677-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கத்தோலிக்கர் சிறுபான்மையராய்ச் சிதறி வாழ்ந்த வட ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். தம் ஆயர் மோதிரத்தையும் விற்று ஏழைகளுக்கு ஈந்தார் என்பர். 1686-இல் ஷ்வேரின் நகரில், நாற்பத்தெட்டாம் வயதில், நோயுற்று இறந்தார். அவரது உடல் ஃபிளாரன்சின் புனித லொரென்சோ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988 அக்டோபர் 23 அன்று அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

மின்னும் வரிகளும்

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். 1791-இல் இத்தாலியின் பொலோஞா நகரில் லுயிஜி கல்வானி, தவளைக் கால்கள் மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். நரம்பு வழி வருவது காற்றும் அன்று, சாறும் அன்று. அது மின்சாரத்தோடு தொடர்புடையது என்ற எண்ணம் அப்போது பிறந்தது. 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதன் வேகத்தை அளந்தார். தவளை நரம்பில் அது நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். பிடிபடாத ஆவி என்று எண்ணப்பட்டதற்கு அளவிடத்தக்க வேகம் இருந்தது.

நுண்ணோக்கி மற்றொரு கதவைத் திறந்தது. 1840-இல் வில்லியம் பௌமன், எலும்போடு இணைந்த தசைகளின் ஒவ்வோர் இழையிலும் குறுக்கே ஓடும் கரிய, வெளிய வரிகளை விரிவாக வரைந்து காட்டினார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர் சிலர், தசை சுருங்கும்போது வெளிய பட்டை குறைகின்றது, கரிய பட்டையின் அகலம் மாறுவதில்லை என்பதைக் கண்டு எழுதியும் வைத்தனர். புதிரின் திறவுகோல் அதுவே. ஆனால் பின்வந்தவர்கள் அதனை மறந்தனர். ஸ்டெனோவுக்கு நேர்ந்தது மீண்டும் ஒருமுறை நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வேதியியல் முன்னே வந்தது. ஹங்கேரியின் செகெத் நகரில், இரண்டாம் உலகப் போரின் இருளில், ஆல்பர்ட் சென்ட்-கியோர்கியும் அவர் துணைவர்களும் தசையிலிருந்து மையோசின், ஆக்டின் என்ற இரு புரதங்களைப் பிரித்தெடுத்தனர். இரண்டையும் சேர்த்து இழைகளாக்கி, உடலின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளைச் சேர்த்தபோது, உயிரற்ற அந்த இழைகள் கண்ணாடிக் கலத்தில் தாமே சுருங்கின. ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்பது தெளிவாயிற்று. ஆனால் வடிவம் எப்படி மாறுகின்றது? நீண்ட புரதச் சங்கிலிகள் சுருள்வில் போல மடிந்து குறுகுகின்றன என்றே அன்று பலரும் எண்ணினர். 'உப்புகின்றது' என்ற பழைய நம்பிக்கை போய், 'மடிகின்றது' என்ற புதிய நம்பிக்கை வந்தது. இரண்டும் தவறு.

1954, மே 22

அன்றைய 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்றை எழுதியவர்கள் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடெர்கெர்க்கியும். மற்றொன்றை எழுதியவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் அம்மையாரும். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். முதல் இருவரும் தவளையின் உயிருள்ள தனி இழையை ஆய்ந்தனர். மற்ற இருவரும் முயல் தசையிலிருந்து பிரித்த நுண்ணிழைகளை ஆய்ந்தனர். வேறு வேறு வழிகளில் சென்றும் ஒரே இடத்தை அடைந்தனர்.

அவர்கள் கண்டது இதுதான். தசையிழைக்குள் சார்கோமியர் என்னும் சிற்றறைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். அதன் நடுவே மையோசினாலான தடித்த இழைகள். இரு ஓரங்களிலிருந்தும் அவற்றுக்கு இடையே நுழையும் ஆக்டினாலான மெல்லிய இழைகள். தசை சுருங்கும்போது தடித்த இழை குறைவதில்லை. மெல்லிய இழையும் குறைவதில்லை. ஒன்றின் இடையே மற்றொன்று வழுக்கி நுழைகின்றது, அவ்வளவுதான். இரு கைகளின் விரல்களை எதிரெதிரே கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல்கள் எதுவும் குட்டையாவதில்லை. கைகள் மட்டும் நெருங்குகின்றன. தசை சுருங்குகின்றது, ஆனால் அதனுள் எதுவும் சுருங்குவதில்லை.

10 செ.மீ. நீளமுள்ள ஓர் இழையில் ஏறத்தாழ 45,000 சார்கோமியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால், இழை முழுவதும் 2 செ.மீ.க்குச் சற்று மேல் குறைந்துவிடும். நெம்புகோல் அமைப்பு அந்த இரண்டு செ.மீ.யைக் கையின் நெடிய வீச்சாக மாற்றிவிடும்.

இழுப்பது யார்? தடித்த இழையிலிருந்து மையோசினின் தலைகள் சிறு கைகளைப் போல் நீண்டுள்ளன. ஓர் இழையில் ஏறத்தாழ 300 மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். நரம்பின் செய்தி வந்ததும் இழைக்குள் கால்சியம் வெளிப்படுகின்றது. மெல்லிய இழையின் பிடியிடங்கள் திறக்கின்றன. தலை பற்றுகின்றது, இழுக்கின்றது, விடுகின்றது, மீண்டும் பற்றுகின்றது. ஓர் இழுப்பின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஊர் கூடித் தேர்வடம் இழுப்பதுபோல், எண்ணற்ற சிறு கைகள் சேர்ந்து இழுப்பதே நம் வலிமை.

1966-இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவர் இதனை உறுதி செய்தனர். தவளையின் இழையை வேறு வேறு நீளங்களுக்கு இழுத்துவைத்து, ஒவ்வொரு நீளத்திலும் எவ்வளவு இழுவிசை பிறக்கின்றது என்று அளந்தனர். தடித்த, மெல்லிய இழைகள் எவ்வளவுக்கு எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தனவோ அவ்வளவுக்கு அவ்வளவு விசை இருந்தது. சார்கோமியரின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 3.65 பங்கை எட்டி, இழைகள் ஒன்றையொன்று தொடமுடியாத நிலை வந்தபோது விசை அற்றுப்போயிற்று. பற்றும் கைகள் எத்தனையோ, அத்தனையே விசை.

தூக்குதல், தாங்குதல், இறக்குதல்

சுருங்குவது மட்டுமே தசையின் வேலை என்று எண்ணுவது பிழை. நம் திருவிழாக்களில் சப்பரம் சுமப்போரை நினைத்துக்கொள்ளுங்கள். சப்பரத்தைத் தோளுக்குத் தூக்கும்போது தொடைத் தசைகள் குறைந்துகொண்டே இழுக்கின்றன. சந்தியில் நின்று செபம் சொல்லி முடிக்கும் வரை அசையாமல் தாங்கும்போது அவை நீளம் மாறாமலே இழுக்கின்றன. பவனி முடிந்து மெல்ல இறக்கும்போது நீண்டுகொண்டே இழுக்கின்றன. மூன்றிலும் இழுவிசை உண்டு. நீளம் குறைவது ஒன்றில் மட்டுமே.

இம்மூன்றின் கணக்கையும் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேயரான ஏ. வி. ஹில். ஒரு டிகிரியின் ஆயிரத்தில் சில பங்கு வெப்பத்தையும் உணரும் கருவிகளால், தசை வெளியிடும் வெப்பத்தை வாழ்நாள் முழுவதும் அளந்தவர். 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1938-இல் அவர் வெளியிட்ட சமன்பாடு, சுமை கூடக்கூடத் தசை குறையும் வேகம் எவ்விதம் தணிகின்றது என்பதைக் காட்டியது. சுமை ஓர் அளவை எட்டும்போது வேகம் சுழியாகிவிடுகின்றது. தசை குறையாமல் தாங்கி மட்டும் நிற்கின்றது.

அசையாமல் நிற்பவன் வேலை ஏதும் செய்யவில்லை என்பது இயற்பியலின் கணக்கு. நகர்வு இல்லையேல் அங்கே வேலை இல்லை. ஆனால் சப்பரத்தடியில் நிற்பவரின் நெற்றி வியர்வை வேறு கணக்குச் சொல்கின்றது. அவர் தசைக்குள் கோடிக்கணக்கான தலைகள் பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் பற்றிக்கொண்டே இருக்கின்றன; ஒவ்வொரு பிடிக்கும் ஏ.டி.பி. செலவாகின்றது. வெளியே ஓர் அங்குல நகர்வும் இல்லை. உள்ளே ஓயாத உழைப்பு. படுக்கையில் கிடக்கும் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் பேணுவோரும், உடைந்துபோகும் குடும்பத்தை உடையாமல் தாங்கிப் பிடிப்போரும் நம் பங்குகளில் உண்டு. 'அவர் என்ன செய்துவிட்டார்?' என்று கேட்கும் உலகுக்குக் காட்ட அவர்களிடம் நகர்வு எதுவும் இராது.

மூன்றாவது நிலை வியப்பூட்டுவது. இழுத்துக்கொண்டிருக்கும் தசையைச் சுமை நீட்டும்போது, பற்றிய தலைகள் பிடி விடாமல் எதிர்த்து நிற்கின்றன. அதனால் தசை தாங்கும் விசை கூடுகின்றது, செலவோ குறைகின்றது. 1952-இல் இங்கிலாந்தில் ஆபட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூவர் இரு மிதிவண்டிகளை எதிரெதிராகச் சங்கிலியால் பிணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதியை எதிர்த்துத் தடுத்தார். இருவர் காலிலும் விசை ஒன்றே. ஆனால் மிதித்தவருக்குத் தேவைப்பட்ட உயிர்வளி, தடுத்தவருக்குத் தேவைப்பட்டதைப் போல் பல மடங்கு. மலையேறுவதைவிட இறங்குவது எளிது என்பதன் காரணம் இதுவே. பழக்கமில்லாதவர் மலையிறங்கிய மறுநாள் தொடை வலியால் முனகுவதற்கும் இதுவே காரணம். குறைந்த தலைகள் மிகுந்த சுமையை ஏற்பதால் இழைகளில் நுண்ணிய சிதைவு நேர்கின்றது.

விடுவதற்கும் ஆற்றல் வேண்டும்

இறப்பு வீட்டில் முதிய பெண்கள் செய்யும் முதற்பணியை நாம் அறிவோம். இறந்தவரின் கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவர். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். அதன் காரணத்தைத் தசையியல் கூறுகின்றது. தலை பற்றுவதற்கு அன்று, பற்றியதை விடுவதற்கே புதிய ஏ.டி.பி. வந்து சேரவேண்டும். மூச்சு நின்றபின் அது தீர்ந்துபோகின்றது. பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. அதுவே மரண விறைப்பு. பின்னர் புரதங்கள் சிதையத் தொடங்கும்போதுதான் உடல் தளர்கின்றது. உயிருள்ள தசையின் அடையாளம் பிடிப்பது மட்டும் அன்று. பிடித்ததை விடத் தெரிவதும் ஆகும்.

ஓர் ஆயரும் ஓர் ஐயவாதியின் பேரனும்

ஸ்டெனோவின் இணைகரம் என்னவாயிற்று? 1980-களில் கணிப்பொறியின் துணையோடு தசையின் மாதிரிகளை அமைத்தவர்கள், சாய்ந்த இழைகளும் மாறாத கன அளவும் கொண்ட அதே வடிவத்தை வந்தடைந்தனர். டேனிய மருத்துவரான ட்ரோல்ஸ் கார்டல் 1990-இல் எழுதிய ஆய்வில், அது 1667-இலேயே நிறுவப்பட்டது என்பதை உலகுக்கு நினைவூட்டினார். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் உறங்கிய உண்மை அது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியின் பாட்டனார் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1869-இல் 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லைப் படைத்தவர், இறைவனைப் பற்றி அறிய இயலாது என்று வாதிட்டவர். ஒரு தசையின் உண்மையை அறியும் பணியில் ஆயரான ஒருவரும், அந்த ஐயவாதியின் பேரனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இருவரும் அளந்தனர், கண்ணால் கண்டதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

இது நம்பிக்கை கொண்டோர் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம். நமக்குப் புரியாத ஓர் இடத்தைக் கண்டால், அங்கே ஓர் ஆவியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பக்தியாய்ப் பேசிவிட்டோம் என்று மனநிறைவு அடையும் பழக்கம் நம்மிடையே உண்டு. அறிவியல் அந்த இடத்தை விளக்கிவிடும் நாளில் நம் கடவுளும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர் போல் ஆகிவிடுகின்றார். ஸ்டெனோ இத்தவற்றைச் செய்யவில்லை. நரம்புக்குள் ஓடுவதாகச் சொல்லப்பட்ட ஆவியை மறுத்த அதே ஆண்டில்தான் அவர் கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்றார். ஒன்றை மறுத்தது மற்றொன்றைப் பலவீனப்படுத்தவில்லை. அவர் வணங்கிய கடவுள் அறியாமையின் இடுக்குகளில் ஒளிந்திருந்தவர் அல்லர், அறியப்பட்டவற்றுக்கும் ஆண்டவர்.

தசையைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் இல்லை. நீட்டப்படும் தசை ஏன் அவ்வளவு விசையைத் தாங்குகின்றது என்பதிலும், 1970-களின் இறுதியில் அறியப்பட்ட டைட்டின் என்னும் நெடும் புரதத்துக்கு அதில் என்ன பங்கு என்பதிலும் ஆய்வு இன்னும் தொடர்கின்றது. விடை வரும்வரை அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைப்பது, பாரிஸ் அவையில் 'எனக்குத் தெரியாது' என்று தொடங்கிய அந்த இளைஞரிடம் நாம் கற்றுக்கொள்ளும் பாடம்.